சொல்லக் கூசும் நோவு



தலையிடி என்று வருகின்றவர் தலையைத் தொட்டுக் காட்டுகிறார். பல்வலி என்று வருகின்றவர் வாயைத் திறந்து காட்டுகிறார். வயிறுந் தொடையுஞ் சந்திக்கின்ற மடிப்பில் நோவு கண்டவர் மாத்திரம் எங்குந் தொட்டுக் காட்டுவதில்லை. "நாரி நோகுது" என்பார் ஒருவர். "அடிவயிறு பிடிச்சிருக்குது" என்பார் மற்றொருவர். வைத்தியர் நாரியைப் பார்ப்பார். வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். நோவுக்குக் குளிசை எழுதிக் கொடுப்பார். வந்தவரும் உண்மையைச் சொல்லாமலே வீடு திரும்புவார். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த இடத்து நோவைப் பற்றியே.

அந்த இடத்துக்குத் தமிழிற் பெயரில்லாமலில்லை. கவடு என்றும், கவட்டி என்றும், தொடைச்சந்து என்றும் முன்னோர் வழங்கியிருக்கின்றனர். மரத்திலே கிளை இரண்டாகப் பிரியுமிடத்துக்கும் கவடு என்றே பெயர். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் என்பவர், மானிப்பாயிலிருந்து கொண்டு நம்மவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். அவருடைய முயற்சியால் 'இரணவைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867 இல் தமிழில் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உடலின் எந்தப் பாகத்தையும் மரியாதையாகத் தமிழிற் சொல்ல வழியிருந்தது. நாம் வாய்திறவாமல் இருப்பது சொல்லில்லாமையால் அன்று, கூச்சத்தினால். அந்தக் கூச்சத்துக்குச் சிலர் கொடுக்கும் விலை பெரிது.

குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே உள்ள மயிலிட்டியைச் சேர்ந்த ஒருவரை உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் ஒருவரல்லர், அக்கரையிற் பலருக்கு நேரக்கூடியதைச் சேர்த்து ஒருவராக்கிச் சொல்கிறேன். 1990 ஆம் ஆண்டில், போர் காரணமாக மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது அவருக்குப் பதினெட்டு வயது. துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலத்தில் ஒரு பகுதியும் 2017 ஆம் ஆண்டு யூலை மாதத்திலேதான் மக்களிடந் திரும்பக் கையளிக்கப்பட்டன. அப்பொழுது அவருக்கு நாற்பத்தைந்து வயது. இடையில் முகாமிலும் உறவினர் வளவுகளிலும் இருந்து கூலிவேலை செய்தவர், மறுபடியுங் கடலுக்குப் போனார். பற்றை வெட்டினார், கல் சுமந்தார், வள்ளத்தைத் தோள்கொடுத்துத் தள்ளினார், இயந்திரத்தைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பதினெட்டு வயதுத் தேகம் பொறுத்த பாரத்தை நாற்பத்தைந்து வயதுத் தேகத்தில் ஏற்றினார்.

சில மாதங்களுக்குப் பின், வலப்பக்கத் தொடைச்சந்திலே மாலைவேளையில் ஒரு திரட்சி காணத் தொடங்கியது. முதலிற் கொட்டைப்பாக்கு அளவு. பின்னர் தேசிக்காய் அளவு. படுத்தெழும்பினால் காலையில் இராது. நோவு என்று சொல்வதற்கில்லை, ஓர் இழுவை மாத்திரமே. அவர் சாரத்துக்குள்ளே ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொழிலுக்குப் போனார். மனைவிக்குஞ் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. ஒருநாளிரவு வலை இழுக்கும்பொழுது திரட்சி வெளிவந்தது, உள்ளே போகவில்லை. கல்லைப் போல இறுகிற்று. சற்று நேரத்திற் சத்தி எடுத்தது. வயிறு ஊதிற்று. வள்ளங் கரைக்கு வந்தபொழுது விடிந்துவிட்டது.

அவருக்கு என்ன நடந்தது என்பதைப் பின்னர் சொல்வேன். அதற்குமுன், உடலில் எத்தனையோ இடமிருக்க இந்த இடத்தில் ஏன் இப்படி நேருகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆண்குழந்தை தாயின் கருப்பையில் இருக்கும்பொழுது அதன் விரைகள் வெளியில் இருப்பதில்லை. அவை வயிற்றினுள்ளே, சிறுநீரகங்களுக்கு அண்மையில் தோன்றுகின்றன. பின்னர் மெல்ல மெல்லக் கீழிறங்கி, பிறப்பதற்குச் சற்று முன்னர் வயிற்றுச் சுவரைக் கடந்து பையை அடைகின்றன. சுவரிற் கடந்துவந்த பாதை பின்னர் இறுகிவிடுகிறதாயினும், வளர்ந்தவரில் ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர் நீளமான ஒடுங்கிய கால்வாயாக எஞ்சிநிற்கிறது. விரைக்குச் செல்லும் இரத்தக்குழாய்களும் விந்துக்குழாயும் அதன்வழியே செல்வதால் அதனை முற்றாக அடைத்துவிட இயற்கையால் இயலாது. மதிற்சுவரிற் குழாய் போவதற்கு விட்ட துவாரம் போன்றது அது. சுவர் எவ்வளவு உறுதியானதாயினும் பலவீனம் அந்தத் துவாரத்தில்தான்.

உள்ளேயிருந்து அழுத்தங் கூடும்பொழுது, குடலின் ஒரு மடிப்போ, குடலைப் போர்த்த கொழுப்போ அவ்வழியே வெளியே தள்ளுகின்றது. இதுவே குடலிறக்கம். பாரந் தூக்குதலே இதற்குக் காரணம் என்று நாம் எண்ணுகிறோம். பாரம் ஒரு காரணமே. அதனினும் ஓயாத இருமல், மலச்சிக்கலால் முக்குதல், முதியவர்களிற் சலங் கழிக்க முக்குதல் ஆகியன நாள்தோறும் அந்தத் துவாரத்தை இடித்துக்கொண்டிருக்கின்றன. வயதினால் சுவரே நெகிழ்ந்துவிடுவதும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்குப் பேர்போன நாடு நம்முடையது. விடியற்காலையிற் சுருட்டைப் பற்றவைத்து அரைமணி நேரம் இருமுகின்ற பெரியவர், வாழ்நாளிற் பாரமே தூக்காதவராயினும், வலை இழுப்பவருக்குச் சமமாகவே தமது வயிற்றுச் சுவரைச் சோதிக்கிறார்.

ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்பொழுதாவது இந்நோய் காணும். இவ்வளவு பரவலான ஒன்றைப் பற்றி இவ்வளவு இரகசியம்! நம்முடைய பழைய வழக்கில் விரைப்பை வீக்கங்களை ஓதம் என்ற பெயராற் குறிப்பதுண்டு. ஓதம் என்னுஞ் சொல்லுக்குக் கடலலை, கடற்பெருக்கு என்றும் பொருளுண்டு. நின்றால் வந்து படுத்தாற் போகின்ற குடலிறக்கத்துக்கு, ஏறிவற்றும் கடலின் பெயர் பொருந்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது. கரையில் வாழ்பவருக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. ஏறியது வற்றாமல் நின்றுவிட்டால் ஆபத்து.

பெண்களுக்கு இந்நோய் வராது என்னும் எண்ணம் பிழையானது. குறைவாகவே வருகிறது, ஆயினும் வயதான பெண்களில், தொடைமடிப்புக்குச் சற்றுக் கீழே, வேறொரு சிறு துவாரத்தின் வழியாக வெளிப்படுகின்ற குடலிறக்கம் ஒன்றுண்டு. அது சிறியது, நெல்லிக்காயளவும் இராது. வாயில் ஒடுங்கியதாகையால் மிக எளிதில் நெரிபடுவதும் அதுவே. வயிறு ஊதிச் சத்தி எடுக்கின்ற பாட்டியைப் பார்க்க வரும் வைத்தியரும், அவரது சேலையை விலக்கித் தொடைச்சந்தைப் பார்க்கத் தவறினால் நோயைக் காணாது விடக்கூடும். அங்கே ஒரு திரட்சி உண்டு என்று பாட்டி தாமாகவே சொல்லிவிட்டால் வேலை பாதி முடிந்தது.

இனி, தொடைச்சந்தில் நோகின்றதெல்லாம் குடலிறக்கமும் அன்று. மருதனார்மடச் சந்தியில் நிற்கின்ற ஒருவர் பல திசைகளிலிருந்து வரும் வண்டிகளைக் காண்பார்; அவையெல்லாஞ் சந்தியிற் புறப்பட்டவையல்ல. தொடைச்சந்தும் அப்படிப்பட்டதொரு சந்தி. வேறிடத்திற் பிறந்த நோவுகள் அங்கே வந்து தலைகாட்டுகின்றன.

மிகவும் எளியதை முதலிற் பார்ப்போம். கரையில் வெறுங்காலுடன் நடக்கின்றவருக்குக் கெளிற்று முள்ளோ, சிப்பியோ, கிளுவை முள்ளோ பாதத்திற் குத்திவிடுகிறது. இரண்டு நாளில் தொடைச்சந்திலே நோவுடன் சிறு உருண்டைகள் காணும். 'நெறி கட்டியிருக்கிறது' என்று நாம் சொல்வது இதைத்தான். காலிற் புகுந்த கிருமியை உடலினுள் மேலும் விடாமல் மறிக்கின்ற காவற்கூடங்கள் அவ்விடத்தில் இருக்கின்றன. நெறி கட்டுதல் அந்தக் காவலர் வேலைசெய்வதன் அடையாளம். இங்கே மருந்து தேவைப்படுவது தொடைக்கன்று, பாதத்துக்கு: முள்ளை முற்றாக எடுத்து, புண்ணைக் கழுவி, ஏற்புவலி தடுப்பூசியையும் கவனிக்க வேண்டும். பாதத்திற் புண்ணில்லாமலே நெறி கட்டுமாயின், பிறப்புறுப்பில் ஏதேனும் புண்ணுண்டா என்று வைத்தியர் கேட்பார். அதற்கும் மறைக்காமல் விடை சொல்லவேண்டும். மூன்று நான்கு வாரங் கழிந்தும் வற்றாத உருண்டையை, நோவில்லாவிடினும், காட்டியே ஆகவேண்டும்.

அடுத்தது கல்லடைப்பு. விரைகள் சிறுநீரகத்துக்கு அண்மையிற் பிறந்தவை என்று முன்னர் சொன்னேன். அவை கீழே குடிபெயர்ந்தபோது தமது நரம்புகளையும் அங்கிருந்தே இழுத்துக்கொண்டு வந்தன. ஆகவே சிறுநீரகத்திலிருந்து இறங்குங் கல் குழாயிற் சிக்கும்பொழுது, நோவு விலாவிற் புறப்பட்டு முன்பக்கமாக வந்து, தொடைச்சந்திலும் விரையிலும் பாய்கிறது. அலையலையாக வரும்; வரும்பொழுது மனிதர் படுத்திருக்கவுங் கூடாமல், நிற்கவுங் கூடாமல் உருளுவார். பகல் முழுவதும் வெயிலிற் கடலில் நிற்பவர், வள்ளத்திற் பாரங் குறையட்டும் என்று ஒரு போத்தல் தண்ணீருடன் போகிறார். வியர்வையாகத் தண்ணீர் வெளியேறச் சலந் தடித்துக் கல் விளைகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்பு கலந்தது, ஆகையாற் குறைவாகக் குடிக்கவேண்டும் என்று சிலர் எண்ணுகின்றனர். இது விபரீதமான முடிவு. கல்லை வளர்ப்பது தண்ணீர்ப் பற்றாக்குறையே. சலம் வைக்கோல் நிறத்திலும் வெளிறியிருக்கும் அளவுக்குக் குடிக்கவேண்டும். கல்லடைப்புடன் காய்ச்சலும் நடுக்கமுஞ் சேருமாயின் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இடுப்பெலும்பும் தொடையெலும்பும் பொருந்துகின்ற மூட்டு, நாம் எண்ணுவது போல இடுப்பின் பக்கவாட்டில் இல்லை. தொடைச்சந்துக்கு நேர்பின்னால் ஆழத்தில் இருக்கிறது. அந்த மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு நோவு தொடைச்சந்தில் தெரியும். கால் மடக்கிச் சப்பாணியிட்டிருக்க முடியாது. முற்றத்தில் வழுக்கி விழுந்த மூதாட்டி, தொடைச்சந்து நோகிறது, காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கிறது என்றே எண்ணி, எண்ணெய் தேய்க்காமல் எக்ஸ்றே எடுக்கவேண்டும். சிறுபிள்ளைகளில் இன்னுமொரு மாயம் உண்டு: மூட்டிலே நோயிருக்க, பிள்ளை முழங்காலைப் பிடித்து அழும். நொண்டுகின்ற பிள்ளைக்குக் காய்ச்சலும் இருக்குமாயின் ஓரிரவும் பொறுத்திருத்தல் தகாது.

மயிலிட்டி என்றவுடன் முதியவர்கள் நினைவுகூர்வது வேறொன்றுமுண்டு. அக்கடற்கரையூரிலே முன்னர் காசநோய் வைத்தியசாலை ஒன்று இருந்தது. நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமுமே காசநோய்க்கு மருந்தென்றிருந்த காலத்தில், உலகமெங்கும் அத்தகைய நிலையங்களைக் கடலோரத்திலும் மலைச்சாரலிலும் அமைத்தார்கள். காசம் என்றால் நெஞ்சுநோய் என்றே பலருந் தெரிந்துவைத்திருக்கின்றனர். அது முள்ளந்தண்டையும் பற்றும். பற்றி எலும்பை அரிக்கும்பொழுது உண்டாகுஞ் சீழ், முள்ளந்தண்டின் ஓரத்திலிருந்து தொடைவரை இறங்குகின்ற நீண்ட தசையின் உறைக்குள் வழிந்து, பல மாதங்களுக்குப் பின் தொடைச்சந்திலே ஒரு வீக்கமாகத் தோன்றும். சூடில்லை, சிவப்பில்லை, அதனால் இதனைக் குளிர்ந்த கட்டி என்பர். நோயின் வேர் நாரியில், கிளை கவட்டில். இதனைச் சாதாரணக் கட்டி என்றெண்ணிக் கீறிவிடுவது பெருந்தவறு. இந்நோய் இன்றும் இல்லாமற் போகவில்லை. ஆனால் இன்று காற்றை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குக் குறையாமலும், முள்ளந்தண்டைப் பற்றியதாயின் அதனினும் நீண்டகாலமும் ஒழுங்காக மருந்துண்டால் மாறிவிடும். நாட்பட்ட நாரிநோவு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல்மெலிவு என்பன தொடைச்சந்து வீக்கத்துடன் சேர்ந்திருந்தால் இதனை நினைக்கவேண்டும்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, இளைஞரிடத்து மிகுதியாகக் காண்பது தசைப்பிடிப்பே. நம்முடைய கடற்கரை ஊர்களிலே உதைபந்தாட்டத்துக்குள்ள ஆர்வம் நேயர்கள் அறிந்தது. பந்தை உதைக்க நீட்டிய கால் எதிராளியின் காலிற் பட்டுத் தடைப்படுகின்றது. அல்லது ஈரமணலில் ஒரு கால் பக்கவாட்டில் வழுக்குகின்றது. தொடையின் உட்புறத் தசைகள், இடுப்பின் முன்னெலும்பிலே தொடங்குமிடத்திற் பிய்ந்துபோகின்றன. வலை இழுப்பவர் வள்ளத்தில் இரு கால்களையும் அகல ஊன்றி நிற்பதும் அதே தசைகளின் பலத்தினால்தான். ஆகையால் அவருக்கும் இது வரும். தொடைகளை ஒன்றோடொன்று நெருக்கினால் நோவு கூடும். இருமினாலும் வீக்கங் காணாது. குடலிறக்கத்திலிருந்து இதனைப் பிரித்தறிய இவ்விரண்டு குறிகளும் ஓரளவுக்கு உதவும்.

இதற்கு நம்மவர் செய்கின்ற முதற் காரியம், எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து நீவுதல். முதலிரண்டு நாட்களில் அதனைச் செய்யவேண்டாம். பிய்ந்த தசையினுள் இரத்தங் கசிந்துகொண்டிருக்கும். சூடுந் தேய்ப்பும் அதனை அதிகப்படுத்தும். மீன்பெட்டிக்கு வாங்கிய ஐஸ்கட்டியில் ஒரு துண்டைத் துவாயிற் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தெடுக்கலாம். ஐஸைத் தோலில் நேரே வைக்கக்கூடாது. ஓரிரு நாள் ஆறியிருந்தால் போதும். அதன்பின் படுத்தே கிடந்தால் குணமாகும் என்று எண்ணுவது அடுத்த பிழை. 1999 ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர்கள், நெடுங்காலமாக இந்நோவினால் வருந்திய 68 விளையாட்டுவீரரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குப் பிறர் செய்கின்ற தேய்ப்பு, மின்சிகிச்சை முதலியன. மற்றப் பிரிவினருக்குத் தாமே செய்யும் பயிற்சி. முடிவில், பயிற்சி செய்தவர்களில் 23 பேர் நோவின்றி விளையாட்டுக்குத் திரும்பினர். மற்றவர்களில் நால்வர் மாத்திரமே.

அந்தப் பயிற்சிகளில் ஒன்றுக்குக் கருவி ஒரு பந்துதான். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இரு முழங்கால்களுக்கும் நடுவே பந்தை வைத்து, நோவு கூடாத அளவுக்கு மெல்ல நெருக்கி விடவேண்டும். பல நாள் செய்து பழகியபின், ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு கீழ்க்காலை மாத்திரம் உயர்த்தலாம். அதன்பின்னரே ஓட்டம், எல்லாவற்றுக்கும் பின்னரே உதைத்தல். எட்டுப் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். ஐந்தாம் நாளே மைதானத்துக்கு ஓடுகின்ற இளைஞரே ஆண்டுக்கணக்காக நொண்டுகின்றனர். நோவில்லாத காலத்திலும் இத்தசைகளைப் பலப்படுத்துவது நன்று. நோர்வே நாட்டில் உதைபந்தாட்டக் குழுக்களிடையே நடந்து 2019 இல் வெளியான ஆய்வொன்றில், ஒரேயொரு தொடைப்பயிற்சியை ஒழுங்காகச் செய்த குழுக்களில் இந்த உபாதை 41 சதவீதங் குறைந்திருந்தது.

இனி நான் சொல்லப்போவதைப் பெற்றோர் சிறிது கவனமாகக் கேட்கவேண்டும். பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட வயதுப் பையன் ஒருவன் நடுச்சாமத்தில் விழித்து, "அம்மா, வயிறு நோகுது" என்கிறான். சத்தியும் எடுக்கிறான். தாய் ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைக்கிறாள். உண்மையில் நோவு அவனது வயிற்றில் இல்லை. ஒருபக்க விரையில் இருக்கிறது. அதைத் தாயிடஞ் சொல்ல அவனுக்கு நாணம். விரை தனது காம்பிலே முறுகிக்கொண்டால், தோய்த்த துணியைப் பிழிந்தாற்போல இரத்தக்குழாய் நெரிந்துவிடுகிறது. ஆறு மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலும் அதனைக் காப்பாற்றலாம். ஒரு முழுநாள் கழிந்தாற் பெரும்பாலும் அகற்றவே நேரும். விடியட்டும் என்று பார்த்திருப்பதற்குள்ளே அந்த ஆறு மணி நேரம் போய்விடுகின்றது. ஆகவே, வயிற்றுநோ என்று சொல்லும் பையனிடம் தகப்பனாரோ மாமனாரோ அண்ணனோ தனியே கூப்பிட்டு, "கீழே நோகுதோ?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்படியொரு நோவு திடீரென்று வந்தால் எந்நேரமாயினும் உடனே சொல்லவேண்டும் என்பதை, நோவு வருவதற்கு முன்னரே பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது இன்னும் நல்லது. விரையில் நோவில்லாமற் கல்லுப் போன்ற கட்டி தட்டுப்பட்டால், அது அவசரமன்றாயினும் அலட்சியஞ் செய்யத்தக்கதன்று, புற்றுநோயாக இருக்கக்கூடும். வேளைக்குக் கண்டால் குணமாக்கத்தக்க புற்றுநோய்களில் அதுவும் ஒன்று.

மீண்டும் மயிலிட்டிக்காரரிடம் வருவோம். வெளிவந்த குடல் துவாரத்தின் விளிம்பிலே நெரிபட்டு, உள்ளே போகமுடியாமல், அதன் இரத்தவோட்டம் நின்றுவிட்டது. இந்த நிலையிற் சிலர் வீக்கத்தை அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்கின்றனர். பலவந்தமாகத் தள்ளலாகாது, அழுகத் தொடங்கிய குடல் உள்ளே போய் வெடிக்குமாயின் உயிருக்கே மோசம். உண்ணவோ குடிக்கவோ ஒன்றுங் கொடுக்கலாகாது. மயக்கமருந்து கொடுப்பதற்கு வெறுவயிறே வேண்டும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது ஒன்றுதான் செய்யத்தக்கது. சுவசெரிய நோயாளர்காவு வண்டியை இலவசமாக அழைப்பதற்குரிய தொலைபேசி இலக்கம் 1990. மயிலிட்டி மக்களுக்கு அது மறக்கமுடியாத ஆண்டின் இலக்கமாகவும் இருப்பதால் மனத்தில் நிறுத்துவது எளிது. அந்த மனிதரைக் காப்பாற்றினார்கள். ஆனால் கறுத்துப்போன குடலில் ஒரு துண்டை வெட்டி அகற்ற நேர்ந்தது. ஒருநாளில் வீடு திரும்பியிருக்க வேண்டியவர் வாரக்கணக்கிற் கட்டிலிற் கிடந்தார். தொழில் பல மாதம் நின்றது.

அவர் முன்னரே வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? குடலிறக்கம் கண்டவரெல்லாம் உடனே சத்திரசிகிச்சைக்குப் படுக்கவேண்டும் என்பதில்லை. வட அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நோவு மிகக் குறைந்தவர்கள் பொறுத்திருந்து பார்த்தபோது, திடீரென நெரிபடும் விபத்து ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் இருவருக்குங் குறைவாகவே நேர்ந்தது. பொறுத்திருந்தவர்களிற் பலர் பத்தாண்டுக்குள் நோவு கூடியதால் தாமாகவே சத்திரசிகிச்சைக்கு வந்தனர் என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆயிரத்தில் இருவர் என்பது சிறிய தொகைதான். ஆயினும், அந்த ஆயிரம் பேரும் தரையில் இருந்தவர்கள். கூப்பிட்ட தூரத்தில் வைத்தியசாலை உள்ளவர்கள். நள்ளிரவிற் கடல்நடுவே இருப்பவருக்கும், பலநாட்கலத்தில் வாரக்கணக்காகப் போகின்றவருக்கும் அந்தக் கணக்கை அப்படியே ஒப்புவிக்க நான் உடன்படேன். அவர் காலம் பார்த்து, தொழில் குறைந்த பருவத்திலே, தாமே நாட்குறித்துச் செய்துகொள்வதே நன்று என்பது என் எண்ணம். நாமே குறித்த நாளிற் செய்யுஞ் சத்திரசிகிச்சை வேறு. குடல் நெரிந்தபின் உயிர்காக்கச் செய்வது வேறு.

துணியாலும் தோற்பட்டியாலும் இறுக்கிக் கட்டிக்கொள்வது நோயைத் தீர்க்காது. கட்டு நழுவி, வெளிவந்த குடலின் மேலேயே அழுத்திக்கொண்டிருந்தால் கேடுதான் மிகும். இத்தாலி தேசத்துப் பாதுவா நகரிலே பசீனி என்னும் சத்திரவைத்தியர் 1884 ஆம் ஆண்டில், அந்தக் கால்வாயின் பின்சுவரைத் தைத்து உறுதிப்படுத்தும் முறையைத் தொடங்கினார். அதற்கு முன்னர் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகளிற் பல, சில மாதங்களிலே பயனற்றுப்போயின. பசீனியின் முறை நூறாண்டு நிலைத்தது. இப்பொழுது பெரும்பாலுஞ் செய்வது, தசையை இழுத்துத் தைக்காமல், அந்தப் பலவீனமான இடத்தின்மேல் ஒரு சிறு வலைத்துண்டை வைத்துப் பொருத்துவது. அது வள்ளத்துக் கயிறுகள் திரிக்கப்படுகின்ற பொலிப்புறொப்பலீன் என்னும் அதே பொருளால் ஆனது. வலையின் கண்களுக்குள்ளே உடலின் தசைநார் வளர்ந்து பின்னிக்கொள்ளச் சுவர் உறுதிப்படுகிறது. பெரிய மயக்கமின்றி, இடுப்புக்குக் கீழே விறைப்பூட்டியும் இதனைச் செய்யலாம். தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வைத்தியரிடம் போனால் நின்றபடியே காட்டவேண்டும். படுத்தால் திரட்சி மறைந்துவிடும். இருமச் சொல்வார், இருமவேண்டும். எப்பொழுது வருகிறது, எப்பொழுது போகிறது, சலம் மலம் எப்படி, இருமல் உண்டா, என்ன தொழில் என்பவற்றைச் சொன்னாற் போதும். பெரும்பாலும் எந்திரமுந் தேவைப்படாது. ஐயமிருந்தால் மாத்திரம் ஸ்கான் எடுப்பார்கள். ஆண் வைத்தியரிடங் காட்டக் கூசும் பெண்கள், பெண் வைத்தியரையோ துணைக்கு ஒரு தாதியையோ கேட்கலாம். அது அவர்களது உரிமை.

சத்திரசிகிச்சை முடிந்தவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "எப்ப ஐயா கடலுக்குப் போகலாம்?" அன்று மாலையே எழுந்து நடக்கலாம். இலேசான வேலைகளை ஒன்றிரண்டு வாரத்திற் செய்யலாம். வாடியில் இருந்து வலை பொத்தலாம். வலை இழுப்பதும், வள்ளந் தள்ளுவதும், இயந்திரம் தூக்குவதும் நான்கிலிருந்து ஆறு வாரத்தின் பின்னரே, சத்திரவைத்தியர் பார்த்து விடைகொடுத்த பிறகு. அந்த ஆறு வாரத்துக்கு மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் உண்டு, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். இருமவேண்டி வந்தாற் கையாற் காயத்தை மெல்லத் தாங்கிக்கொண்டு இருமலாம். சுருட்டை அந்த ஆறு வாரமும் தொடக்கூடாது. ஆறு வாரம் விட்டவர் ஏழாவது வாரமும் விட்டிருப்பாரானால் அதற்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.